பஞ்சர் ஒட்டிய பிரேக்

விமானத்தின் பிரேக்கைப் பஞ்சர் ஒட்டும் பட்டறைக்கு அனுப்பிய மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டதுமில்லை. அதை ஒரு தவறென்றே அங்கு எவரும் நினைக்கவில்லை. என் கோபத்தில் பெரும்பங்கு அதற்குத்தான்.

சென்னையில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, திருச்சியில் ஒரு விமானக் கொட்டகையில் பயிற்சியும் பெற்று, அறுபதுகளின் தொடக்கத்தில் நான் புதுக்கோட்டைக்குத் திரும்பினேன். திரும்பியதற்கு ஒரே காரணம், ஊருக்கு அருகிலேயே ஒரு விமானம் இருந்தது. பஸ் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளி, போர் முடிந்த பிறகு ஏலத்தில் விட்ட அமெரிக்க விமானம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள், துணி போர்த்திய இறக்கை, மணலில் புதையாத குண்டுச் சக்கரங்கள். கந்தர்வக்கோட்டைச் சாலையில், முந்திரிக்காட்டை ஒட்டிய பொட்டலில் அதற்கு ஒரு தகரக் கொட்டகை.

லைசென்ஸ் உள்ள என்ஜினீயர் திருச்சியில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதலாளி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் விமானம் என் பொறுப்பு. பொறுப்பு என்னுடையது, கையெழுத்து அவருடையது. அவருக்குக் கீழே வேலை பார்த்த அனுபவம் இருந்தால்தான் எனக்கும் ஒருநாள் லைசென்ஸ் கிடைக்கும் என்பதால் அந்த ஏற்பாட்டை ஒப்புக்கொண்டிருந்தேன்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விமானியின் குதிகாலுக்கு அடியில் இரண்டு பெடல்கள், இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பெடலை அமுக்கினால் மெல்லிய குழாய் வழியாகச் சிவப்பு எண்ணெய் சக்கரத்துக்குப் போகும். சக்கரத்துக்குள் தட்டையான ரப்பர் குழாய் ஒன்று வளையமாகச் சுற்றியிருக்கும். எண்ணெய் ஏறியதும் வளையம் உப்பி, தன்மேல் இருக்கும் கட்டைகளை வெளி உருளையின் மீது அழுத்தும். சக்கரம் நிற்கும். காலை எடுத்தால் வளையம் சுருங்கும், சக்கரம் ஓடும். அந்த வளையம் டியூபுக்குப் போடும் ரப்பர் அல்ல, எண்ணெயில் ஊறாத செயற்கை ரப்பர். இந்தக் கடைசி வாக்கியத்தை அந்த ஆண்டு நான் சொன்ன அளவுக்கு என் பெயரைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

மாசியில் இடது சக்கரத்தின் உள்பக்கம் சிவப்பாகக் கசிவதைப் பார்த்தேன். கழற்றினேன். வளையத்தில் ஓரிடத்தில் வெடிப்பு.

பொட்டலின் மேற்குக் கோடியில் கண்மாய்க் கரை இருந்தது. மேல்காற்று அடிக்கும் மாதங்களில் அந்தக் கரையைப் பார்த்தபடிதான் விமானம் இறங்க வேண்டும். அதை ஓட்டியவர் போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்தவர். எல்லோரும் அவரை பைலட் சார் என்றுதான் கூப்பிடுவோம். திருக்கோகர்ணத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். இரண்டு சின்னப் பெண்கள். அவர் மனைவியும் நானும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்போம். குடம் நிறையும் வரை அந்தம்மா தவறாமல் கேட்பார்: "என்னாம்மா, வண்டி நல்லா இருக்கா?" மாசி வரைக்கும் "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு குடம் நிறைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆனியில் முதலாளியின் சொந்த ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் வானத்திலிருந்து பூ விழ வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. நோட்டீஸிலேயே அச்சடித்துவிட்டார்கள். ஆக, ஆனிக்குள் ஒரு வளையம் வேண்டும்.

என் பழக்கம் எதையும் வரிசைப்படுத்திக்கொள்வது. யாரிடம் இருக்கலாம் என்று வரிசைப்படுத்தினேன். கல்கத்தாவில் உபரிச் சாமான் விற்பவர்கள், டெல்லியில் ஒரு கம்பெனி, பெங்களூரில் ஒன்று, சென்னைப் பழைய சாமான் கடைகள், கடைசியாக அமெரிக்கா. அமெரிக்காவிலிருந்து வரவழைக்க இறக்குமதி அனுமதி வேண்டும். அது கிடைப்பதற்குள் அடுத்த கும்பாபிஷேகமே வந்துவிடும். கல்கத்தாக்காரர், "அன்புள்ள ஐயா, தாங்கள் கேட்ட மாடலை நாங்கள் உடைத்துவிட்டோம்" என்று எழுதினார். டெல்லிக்காரர் புது விமானத்தின் படம் போட்ட புத்தகம் அனுப்பினார். பெங்களூரிலிருந்து, இது பற்றிப் பேச எங்கள் என்ஜினீயரை நேரில் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. எழுதியது நான்தான், என்ஜினீயரிங் படித்ததும் நான்தான் என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

இதற்கிடையில் ஸ்டோர் மானேஜர். பஸ் கம்பெனியில் ஒரு விதி உண்டு. பழைய சாமானை ஒப்படைத்தால்தான் புதிய சாமானுக்கு ஏற்பாடு. பஸ்ஸுக்கு அது நல்ல விதி, திருட்டு நடக்காது. விமானத்துக்கும் அதையே வைத்திருந்தார்கள். அதனால் வெடித்த வளையத்தைத் துணியில் சுற்றி, ஒட்டக்கூடாது, மாதிரிக்கு மட்டும் என்று சீட்டு எழுதிக் கட்டி ஸ்டோரில் கொடுத்தேன். பிறகு சென்னைக்குப் போனேன்.

சித்தப்பா வீட்டில் தங்கி, பழைய இரும்புக் கடைகள் இருந்த தெருக்களில் வெயிலெல்லாம் அலைந்தேன். பாராசூட் துணி இருந்தது. திசைகாட்டி இருந்தது. விமானியின் தோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு கடைக்காரர் தராசில் பித்தளை நிறுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவரிடம் நான் வரைந்து கொண்டுபோன படத்தைக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வரலீங்களாம்மா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க."

"அப்ப அப்பாவக் கூட்டிக்கிட்டு வாங்க. இதெல்லாம் டெக்னிக்கலா பேசணும்."

அங்கே சண்டை போட்டிருக்கலாம். அவரிடம் சரக்கு இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இல்லாத சரக்குக்குச் சண்டை எதற்கு என்று அடுத்த கடைக்குப் போனேன். அங்கேயும் இல்லை.

வெறுங்கையோடு திரும்பி வந்து கொட்டகையைத் திறந்தால், கழற்றிப் போட்டிருந்த இடது சக்கரம் விமானத்தில் மாட்டியிருக்கிறது. பிரேக் பெடல் கெட்டியாக இருக்கிறது. புது வளையம் எங்கே கிடைத்தது என்று ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

ஸ்டோருக்குப் போனேன். மானேஜர் எப்போதும்போலச் சலவைச் சட்டையில், பையில் இரண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"வா பாப்பா. பட்டணமெல்லாம் சுத்திப் பாத்தியா? நீ போன மறுநாளே வேலை முடிஞ்சுபோச்சு."

"வளையம் எங்க சார் கிடைச்சது?"

"எங்கிட்டுக் கெடைக்கிறது? ஒன்னோடதுதான். நம்ம வல்கனைஸ் பட்டறையில குடுத்தேன். அழகா ராவி, ஒட்டுப் போட்டு, சூடு வச்சுக் குடுத்துட்டான். தொட்டுப் பாத்தாக்கூட ஒட்டு தெரியாது. நம்ம பஸ் மெக்கானிக்க விட்டு மாட்டியாச்சு."

"சீட்டு எழுதிக் கட்டியிருந்தேனே சார். ஒட்டக்கூடாதுன்னு."

"பாத்தேன். நீ தெரியாம எழுதிட்டன்னு நெனச்சேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. பஸ் கம்பெனியில் முப்பது டயர் டியூபுகள் தினமும் அந்தப் பட்டறைக்குப் போய் வருகின்றன. ரப்பர், நீளமாக இருக்கிறது, உள்ளே காற்றோ எண்ணெயோ அடைக்கிறார்கள், ஓட்டை விழுந்திருக்கிறது. அவருக்கு அது டியூப். டியூப் என்றால் பஞ்சர்.

"திருச்சி என்ஜினீயர்?"

"அவுகளும் வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாக. பெடல அமுக்கிப் பாத்தாக, 'பேஷ்'ன்னாக. பெறகென்ன?"

வல்கனைஸ் பட்டறையில் ஒட்டுக்கு வெட்டியது போக மிச்சமிருந்த ரப்பர் துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். கண்ணாடி டம்ளரில் சிவப்பு எண்ணெய் ஊற்றி, அதில் போட்டு, கொட்டகைப் பலகையில் வைத்தேன். சில நாட்களில் அது ஊறின கொண்டைக்கடலை போலப் பருத்து, நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. டம்ளரோடு ஸ்டோருக்குப் போனேன்.

"பாத்தீங்களா சார். வளையத்துக்குள்ள இருக்கிற எண்ணெய் வெடிப்பு வழியா ஒட்டுக்கு வரும். ஒட்டு இப்படித்தான் வீங்கும்."

மானேஜர் கூர்ந்து பார்த்தார். மெய்யாகவே அக்கறையோடு பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"வீங்கினா நல்லதுதானே? ஓட்டை இன்னும் நல்லா அடைச்சுக்கும்ல?"

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் அந்தச் சலவைச் சட்டை சிவப்பாகியிருக்கும்.

அடுத்து பைலட்டிடம் போனேன். கொட்டகை நிழலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எஞ்சினீயரம்மா, பர்மாவில பிரேக்கே இல்லாம இறக்கியிருக்கேன். இந்த மட்டப் பொட்டல்ல இறக்க மாட்டேனா?"

"பிரேக் இல்லாத விமானம் நேராப் போகும் சார். இது ஒரு பக்கம் மட்டும் பிடிச்சுக்கப் போற விமானம். இறங்குற வேகத்துல இடது சக்கரம் நின்னா என்ன ஆகும்?"

அவருக்குத் தெரியும். சுழன்று இறக்கை தரையில் குத்தும். இல்லையென்றால் மூக்குக் குப்புறக் கவிழும். மேல்காற்றில் கரையை நோக்கி இறங்கும்போது அது நடந்தால் கரையில் போய் மோதும். முன் இருக்கையில் பூக்கூடை, பின் இருக்கையில் அவர்.

"நான் ஏற மாட்டேன்னு சொன்னா முதலாளி வேற ஆளைக் கூட்டியாந்துடுவாரும்மா. இந்த ஊர்ல எனக்கு வேற எந்த ப்ளேன் இருக்கு?" என்று சொல்லிவிட்டு மறுபடி கம்பியைத் துடைத்தார். அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. பயந்திருந்தால் வந்திருக்காது. பயப்படாமல் சிரித்ததுதான்.

வளையம் கிடைத்தது ஒரு கிண்டலில். கும்பாபிஷேகத்துக்கு முந்தைய வாரம், மீமிசல் வழித்தடத்தில் போகும் பஸ்ஸின் கண்டக்டர் மூங்கில் பூக்கூடைகளைக் கொட்டகையில் இறக்க வந்தார். விமானத்தைச் சுற்றி வந்தவர் சக்கரத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னா தங்கச்சி, ப்ளேன் ப்ளேன்னு ஊரே பேசுது, மீன் வண்டிச் சக்கரத்தல்ல மாட்டி வச்சிருக்கீங்க?"

எனக்கு இருந்த எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் 'மீன் வண்டி' என்று அவர் சொன்ன விதத்தில் கிண்டலைவிட ஆச்சரியம் அதிகம் இருந்தது.

"எந்த மீன் வண்டிண்ணே?"

"மீமிசல் கடக்கரையில ஒரு அக்கா தள்ளுவண்டி வச்சிருக்கு. இதே குண்டு டயரு, இதே வட்டமூடி. மணல்ல புதையாதுன்னு அதுக்கு அம்புட்டுப் பெருமை."

போருக்குப் பிறகான ஏலத்தில் விமானங்கள் மட்டுமா விற்றிருக்கும்? சக்கரங்கள் தனியாக, அச்சோடு, பிரேக்கோடு விற்றிருக்கும். கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் எழுதியவள் அதை ஏன் யோசிக்கவில்லை என்று என்மேலும் கொஞ்சம் கோபப்பட்டுக்கொண்டு, விடிகாலை முதல் பஸ்ஸில் அந்தக் கண்டக்டரின் வண்டியிலேயே ஏறினேன். கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் அது. அதற்கு முன்னால் முதலாளி விடுப்புத் தரவில்லை. கூடைகளுக்கு வர்ணம் பூச ஆள் போதவில்லையாம்.

மீமிசல் கடற்கரையில் அந்த வண்டியை எட்டத்திலிருந்தே கண்டுகொண்டேன். விமானச் சக்கரமேதான். வண்டி நிறைய மீன், ஈரச் சாக்கு மூடி. பின்னால் ஒரு அம்மா, இடுப்பில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தார். கண்டக்டர் விஷயத்தைச் சொன்னார். அந்தம்மா வண்டியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏடி, இங்கிட்டு வாங்கடி! இந்தப் புள்ள என் வண்டியப் பிரிச்சு ஏரோப்ளேன்ல மாட்டப் போகுதாம்!"

நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள்.

"சாமிக்குப் பூப் போடுற ப்ளேனாமே? கருவாட்டு வாடை அடிச்சா சாமி மூக்கப் பிடிக்காதா?"

"ஆத்தா, நீயும் வண்டியோட சேந்து ஏறிப் போயிரு. மேல போயி வெலை கூவு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சக்கரம் வேணாம்க்கா. சக்கரத்துக்குள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கு. உங்க வண்டிக்கு அது தேவையே இல்ல. அத மட்டும் எடுத்துட்டு, இருந்தபடியே மாட்டிக் குடுத்துடறேன்."

"தேவை இல்லன்னு நீ சொல்றியா? வண்டி என்னோடது." அவர் சாக்கை இழுத்து மூடினார். "மொதல்ல இதத் தள்ளு. லாரி போயிருச்சுன்னா இம்புட்டு மீனையும் நீதான் திங்கணும்."

தள்ளினேன். மணலில் அந்தச் சக்கரங்கள் உருண்ட விதத்தைப் பார்த்து, இவ்வளவு நல்ல சக்கரங்களை இத்தனை வருடம் யாரும் விமானத்துக்காகத் தேடவில்லையே என்று தோன்றியது. லாரியில் மீன் ஏறிய பிறகு வண்டியைக் கல்லில் முட்டுக்கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றினேன். உருளைகள் உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தன. முதல் சக்கரத்தின் வளையம் காய்ந்த கண்மாய்ச் சேறு போல வெடித்துக் கிடந்தது. இரண்டாவதைத் திறந்தேன். உள்பக்கம் பழைய கிரீஸ் அப்பியிருந்தது. அதற்கடியில் வளையம் கறுப்பாக, மிருதுவாக இருந்தது. வளைத்துப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"என்னா, அழுவுற மாதிரி பாக்குற? நல்லா இருக்கா இல்லையா?"

"நல்லா இருக்குக்கா."

"அப்ப என் அச்சுக்கு நல்ல கிரீஸாப் போட்டுக் குடு. கத்துது, மூணு மாசமா."

கையோடு கொண்டுபோயிருந்த கிரீஸ் முழுவதையும் அவர் அச்சுக்கே வைத்தேன். ஆடிய போல்ட்டுகளை முறுக்கினேன். வண்டியை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தவர், சத்தம் இல்லை என்றதும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தேடல் முழுவதிலும் நான் என்ன கேட்கிறேன் என்பதை ஒழுங்காகக் கேட்டுவிட்டு ஒப்பந்தம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் கொட்டகையில் வளையத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் ஏற்றி அழுத்தத்தில் வைத்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. இனி மாற்ற வேண்டியதுதான். மானேஜர் வந்தார். எங்கிருந்து எடுத்தேன் என்று கண்டக்டர் மூலம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாப்பா, அத வெளிய எடுத்துட்டுப் போயிரு."

"எதுக்கு சார்?"

"மீன் வண்டியில கெடந்தத சாமி காரியத்துக்குப் போடுறதா? மூணு நாளா ஊரே கவிச்சி சேக்காம வெரதம் இருக்கு. கும்பத்து மேல பூப் போடுற வண்டியில கவிச்சியா?"

"அது ரப்பர் சார். கழுவியாச்சு."

"அதான் பஞ்சர் ஒட்டினது நல்லா இருக்குல்ல? இனிமே இங்க ஒன்னையும் தொடாத."

கொட்டகையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் பேனாக்களுக்கு நடுவில் போட்டுக்கொண்டு போனார். நான் வளையத்தைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

காலையில் வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டே நான் வந்தேன். பூக்கூடைகள் வந்தன, முதலாளி வந்தார், விமானத்தை வெளியே தள்ள பஸ் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். தூரத்தில் கோயில் மேளம் கேட்டது. ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளினார்கள். விமானம் நேராக வரவில்லை. வாசலுக்கு வெளியே வந்ததும் இடப்பக்கமாகத் திரும்பியது. மறுபடி நேராக்கித் தள்ளினார்கள். மறுபடி இடப்பக்கம் திரும்பியது. வலது சக்கரம் உருள, இடது சக்கரம் பொட்டல் மண்ணை உழுதுகொண்டு வந்தது.

"கல்லு தடுக்குது, கல்லு தடுக்குது," என்றார் மானேஜர்.

ஒருவர் குனிந்து பார்த்தார். "கல்லு இல்லீங்க. சக்கரமே சுத்தல."

பெடலில் யாருடைய காலும் இல்லை. வளையத்தின் மேல் ஒட்டு வீங்கி, கட்டையை உருளையோடு வைத்து இறுக்கியிருந்தது. பைலட் விமானத்தின் பக்கத்தில் நின்று, இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இல்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். "என்னத்தா இது?"

"வீங்கியிருக்குங்க ஐயா. சொன்னேன்."

"மாத்த எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஆகுற நேரம் ஆகும். வளையத்தப் போட்டு எண்ணெய் நிரப்பினா போதாது. குழாயில காத்து தங்காம எடுக்கணும்."

மானேஜர் முதலாளியின் காதில் என்னவோ சொன்னார். முதலாளி முகம் சுளித்தது. எனக்கு விளங்கிவிட்டது. முதலாளி கோயில் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுப் போடட்டும்."

அந்த நேரத்திலும் ஒருவர் செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவரப் போனார். நான் வளையத்தின் வாயை விரலால் பொத்திப் பிடித்துக்கொண்டேன். வெளிப்பக்கம் மட்டும் தெளித்தார்கள். துடைத்து உலர்த்தினேன். சேலைக்கு மேல் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினேன். பழைய வளையத்தை இழுத்தபோது ஒட்டு தனியாகப் பிய்ந்து என் கையில் வந்தது, களிபோல. மானேஜர் காலடியில் போட்டேன். அவர் ஒதுங்கி நின்றார்.

எண்ணெய் ஊற்றி, பைலட்டைப் பெடலை அமுக்கச் சொல்லி, காற்றுக் குமிழிகளை வெளியேற்றினேன். பெடல் மெத்தென்று இறங்கியது. மறுபடி. மறுபடி. முதலாளி இங்கும் அங்கும் நடந்தார். 

"போதாதா?"

"பெடல் கல்லு மாதிரி நிக்கிற வரைக்கும் போதாதுங்க ஐயா."

நாங்கள் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே கோயில் பக்கம் மேளம் உச்சத்துக்குப் போனது. பிறகு ஆயிரம் வாய்கள் சேர்ந்து எழுப்பிய ஒரே சத்தம் பொட்டலைத் தாண்டி வந்தது. கலசத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். முதலாளி கையைத் தலைக்கு மேல் கூப்பி அப்படியே நின்றார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். நான் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. பைலட்டை மறுபடி அமுக்கச் சொன்னேன்.

பெடல் கல்லாக நின்றது. பைலட் புறப்பட்டார். ஊர் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பூ விழுந்தது. பாதி சாம்பார் வாளியில் விழுந்ததாகச் சொன்னார்கள். விமானம் திரும்பி, மேல்காற்றைப் பார்த்து, கரையைப் பார்த்து இறங்கியது. விமானம் இறங்குவதைப் பார்க்க வந்திருந்த கூட்டம், அது தரையைத் தொட்டதுமே பொட்டலுக்குள் ஓட ஆரம்பித்தது, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு சக்கரங்களும் ஒன்றாகப் பிடித்தன. விமானம் கோணாமல், வால் தூக்காமல், கூட்டத்துக்கு முன்னால் நின்றது. கூட்டம் அதைச் சூழ்ந்துகொண்டு இறக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஏதோ ஒன்று நடக்காமல் போனது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நடக்காததை யாரிடம் காட்டுவது?

மறுநாள் ஊரில் பேச்சு இதுதான்: மீன் வண்டிச் சாமான் போட்டதால்தான் சாமி பூவை நேரத்துக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. ஆரம்பித்து வைத்தவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த வாரமே மானேஜர் கொட்டகைக்கு வந்தார். பைலட்டும் இருந்தார்.

"பாப்பா, அந்தக் கவிச்சிய இன்னிக்குக் கழட்டிரு. மொதலாளிக்கும் மனசு சரியில்ல. ஒட்டு பிஞ்சதுக்குப் பட்டறையில வேற கெட்டியான ரப்பராப் போட்டு ஒட்டித் தாரேங்குறான்."

நான் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். செயற்கை ரப்பர், சிவப்பு எண்ணெய், ஊறுவது, வீங்குவது. மானேஜர் பொறுமையாக, குழந்தை பாட்டுப் பாடுவதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பைலட் எழுந்தார்.

"அதக் கழட்டினா நான் ஏற மாட்டேன்," என்றார்.

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. டம்ளர் காட்டவில்லை.

"சரிங்க சார்," என்றார் மானேஜர், உடனே. "நீங்க சொன்னாச் சரிங்க சார்." பேனாவைத் திருகியபடி போய்விட்டார்.

பைலட் என்னைப் பார்த்துச் சிரித்தார், உதவி செய்துவிட்டவரின் சிரிப்பு. மாசியிலிருந்து ஆனி வரை நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்தக் கொட்டகையில்தான் எங்கோ கிடந்தது. அவருடைய ஐந்து சொற்களைக் கண்டதும் மானேஜர் கும்பிடு போட்டுவிட்டார். அவர் உயிரோடு நின்று அதைச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. நன்றி சொல்ல வரவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரிந்தது, அதனாலேயே வரவில்லை.

"கொஞ்சம் ஒதுங்குங்க சார்," என்று சொல்லி வலது சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். அதிலிருக்கும் வளையத்துக்கும் மாசியில் வெடித்த இடது வளையத்தின் வயதுதான்.